வாடை தாங்காத பிள்ளைக்கு வாங்கிய ஆய் நாற்காலி: ஐந்து மாதம் ஆன பிறகு

என் மகனுக்கு இப்போது மூன்று வயது ஒரு மாதம். பாத்ரூம் கதவைத் திறந்தாலே மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகிற பிள்ளை. சில நாள் வாசலிலேயே குமட்டி வாந்தியும் எடுத்திருக்கிறான். அடம் பிடிக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தோம், அதட்டியும் பார்த்தோம், அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது. பெருங்காயம் பொரிந்தால் அடுக்களையை விட்டு வெளியே போய்விடுவான். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் யாராவது சென்ட் போட்டிருந்தால் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்வான். இப்படி ஒரு பிள்ளைக்கு ஆய் நாற்காலி தேடுகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன், ஏனென்றால் கடையில் நிறத்தையும் பாட்டையும்தான் காட்டுகிறார்கள், வாடையைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை.

இது நாங்கள் வாங்கிய மூன்றாவது. முதலில் வெஸ்டர்ன் டாய்லெட் மேல் வைக்கிற சின்ன சீட் வாங்கினோம். பொருளில் குறை ஒன்றும் இல்லை, ஆனால் அது இருக்கும் இடமே பாத்ரூம், அவனுக்குப் பிரச்சினையும் அதேதான். ஒரு தடவை உட்கார வைத்தோம், கால் தொங்கியது, ஃப்ளஷ் சத்தம் வேறு, அதோடு முடிந்தது. அடுத்தது ரயில் மாதிரி இருக்கும் நாற்காலி, பட்டனை அழுத்தினால் பாடும், உட்காருமிடத்தில் ஸ்பாஞ்ச் வைத்துத் தைத்த மெத்தை. அழகாகத்தான் இருந்தது. பத்தே நாளில் தையல் வழியாக மூச்சா உள்ளே இறங்கிவிட்டது. எவ்வளவு அலசினாலும் ஸ்பாஞ்ச் முழுசாகக் காயாது, மூத்திரத்தில் இருக்கும் யூரியாவை பாக்டீரியா அமோனியாவாக மாற்றிக்கொண்டே இருக்கும். எங்களுக்கு லேசாகத்தான் தெரிந்தது. அவன் அந்த ரயில் இருந்த அறைக்கே போக மாட்டேன் என்றுவிட்டான்.

அப்புறம் அடக்க ஆரம்பித்தான். நான்கு நாள் ஆய் போகவில்லை. டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, பழக்குவதையெல்லாம் இப்போதைக்கு நிறுத்துங்கள் என்றார். அடக்கினால் கெட்டியாகும், கெட்டியானால் போகும்போது வலிக்கும், வலித்ததால் மறுபடி அடக்குவான், இந்தச் சுற்றை அறுக்காமல் எந்த நாற்காலி வாங்கியும் பயனில்லை என்று சொல்லி, இளக்கிக் கொடுக்கும் சிரப் எழுதினார். ஒரு மாதம் மறுபடி டயப்பர்தான். உங்கள் பிள்ளையும் அடக்குகிறது என்றால் கடைக்குப் போவதற்கு முன்னால் டாக்டரிடம் போங்கள், தயவுசெய்து.

அந்தச் சமயம் மதுரையிலிருந்து அம்மா வந்திருந்தார். பாத்ரூமுக்குள் போன வேகத்தில் வெளியே வந்தார். "ஏன்டி, இவ்வளவு பினாயிலைக் கொட்டி வச்சா எனக்கே மூச்சு முட்டுது, புள்ள எப்படி உள்ள போவான்?" சுத்தமாக இருக்கட்டும் என்று நான் காலையும் மாலையும் பினாயில் ஊற்றுவேன். வாஷ் பேசினில் அந்துருண்டை, சுவரில் மல்லிகை வாசனை டப்பா. நாற்றத்தைப் போக்குவதாக நினைத்து மூன்று வாடையை நானே சேர்த்திருக்கிறேன். எல்லாவற்றையும் எடுத்தோம். அந்துருண்டை எப்படியும் குழந்தை இருக்கும் வீட்டில் கூடாது. அதில் இருக்கும் நாஃப்தலீன், ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள பிள்ளைகளுக்கு ரத்தச் சிவப்பணுக்களையே உடைத்துவிடும், வாயில் போட்டுக்கொண்டால் எந்தப் பிள்ளைக்கும் ஆபத்து.

அதன் பிறகும் ஒரு சாக்கடை வாடை மட்டும் போகவில்லை. பிளம்பர் வந்து தரையில் தண்ணீர் போகும் ஓட்டையின் சல்லடை மூடியைத் தூக்கிக் காட்டினார். அதற்குக் கீழே குழாய் வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்க வேண்டுமாம், அந்தத் தண்ணீர்தான் கீழேயிருந்து வரும் காற்றைத் தடுக்கிறது. அந்த ஓட்டை வழியாக அதிகம் தண்ணீர் போகாததால் வற்றிப் போயிருந்தது. தினமும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றச் சொன்னார், ஊற்றினோம், மூன்றாம் நாளிலிருந்து அந்த வாடை இல்லை.

இனி நாற்காலிக்கு வருகிறேன். தி. நகரில் ஒரு பிளாஸ்டிக் கடையில் 480 ரூபாய்க்கு வாங்கியது. பாட்டு, சக்கரம், மெத்தை எதுவும் கிடையாது. அடிப்பகுதி, உள்ளே வைக்கும் கிண்ணம், மேலே மூடி, மொத்தம் மூன்றே துண்டு. கிண்ணம் ஒரே வார்ப்பு, உள்பக்கம் வழவழவென்று இருக்கிறது, விரலை விட்டுச் சுற்றிப் பார்த்தால் எங்கேயும் இடுக்கு தட்டாது. நான் கடையிலேயே அப்படித் தடவிப் பார்த்துத்தான் எடுத்தேன், முகர்ந்தும் பார்த்தேன். புது பிளாஸ்டிக் வாடை இருந்தது, மொட்டை மாடியில் மூன்று நாள் வெயிலில் போட்டதும் போய்விட்டது. உயரம் அவனுக்குச் சரியாக இருக்கிறது. பாதம் இரண்டும் தரையில் பதிந்து முட்டி கொஞ்சம் மேலே தூக்கி நிற்கிறது, அதனால் முக்கச் சிரமப்படுவதில்லை. அம்மா தன் இரண்டு காலையும் நீட்டி, எங்களையெல்லாம் தன் பாதத்துக்கு நடுவில் குந்த வைத்துத்தான் பழக்கினாராம். "அதே உட்காரல்தான்டி இது" என்றார்.

இதை பால்கனியில் துணி காயும் கொடிக்குக் கீழே வைத்தோம். முதல் வாரம் டயப்பரோடு சும்மா உட்கார்ந்தான், நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை. ஒன்பதாம் நாள் காலை இட்லி சாப்பிட்டுவிட்டு அவனே போய் உட்கார்ந்தான். அன்றைக்கு அம்மாவும் நானும் அழுதுவிட்டோம்.

கிண்ணத்தில் முன்கூட்டியே அரை டம்ளர் தண்ணீர் ஊற்றி வைக்கிறேன், ஒட்டாது, வாடையும் கிளம்பாது. எழுந்ததும் மூடியைப் போட்டு அப்படியே எடுத்துப் போய்க் கொட்டி, பாத்திரம் கழுவும் சோப்பால் தேய்த்து வெயிலில் கவிழ்த்துவிடுவேன். வாரம் ஒரு தடவை வினிகர் கலந்த தண்ணீரில் ஊற வைத்தால் படியும் வெள்ளைக் கறை இளகும். வினிகரையோ டாய்லெட் கழுவும் ஆசிட்டையோ பிளீச்சிங் பவுடரோடு சேர்க்காதீர்கள், குளோரின் வாயு வரும்.

குறை உண்டு. ரொம்ப லேசான நாற்காலி, பிள்ளை ஒரு பக்கம் சாய்ந்தால் ஆடுகிறது. ஒரு தடவை கவிழ்ந்தே விட்டது. அடியில் ரப்பர் புஷ் ஒட்டிய பிறகு பரவாயில்லை. ஆண் பிள்ளைக்கு முன்பக்கம் இருக்கும் தடுப்பு போதாது, மூச்சா வெளியே தெறிக்கிறது, தரையில் ஒரு பழைய துண்டு விரித்தே ஆக வேண்டும். மூடியும் இறுக்கமாக உட்காராது, வெளியூருக்கு எடுத்துப் போக இது ஆகாது. ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். பால்கனியோ ஜன்னலோரமோ இல்லாத வீடு என்றால் யோசித்து வாங்குங்கள், மூடிய அறைக்குள் வைத்தால் இதுவும் வாடை அடிக்கும்.

பாத்ரூமுக்குள் இன்னும் முழுசாக வரவில்லை. கிண்ணத்தைக் கொட்டும்போது வாசலில் நின்று டாட்டா காட்டுகிறான், போன வாரம் ஒரு கால் உள்ளே வைத்து, மூக்கைப் பொத்தாமல் நின்றான். ஜூனில் ப்ளே ஸ்கூல். அங்கே இந்த நாற்காலியைக் கொண்டுவந்து வைக்கலாமா என்று கேட்டிருக்கிறேன், மிஸ் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.