ஆபீஸுக்கு நெட்வொர்க் போடுகிறவர்கள் படிக்கவும்: கேட் 6 கேபிள் என்று சொல்லி மட்டமானதைத் தலையில் கட்டிய கதை

கோவையில் எங்களுடையது ஓர் ஆடிட்டர் ஆபீஸ். 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதி 3பி என்று ஜிஎஸ்டி ரிட்டர்ன் கெடுவை வைத்தே ஓடுகிற பிழைப்பு. அந்தத் தேதிகள் நெருங்கும்போது கணக்கு எழுதும் டாலி சாஃப்ட்வேர் சுற்றிக்கொண்டே நின்றால் எப்படி இருக்கும் என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. புது இடத்துக்கு மாறியபோது நெட்வொர்க் வேலை முழுவதையும் ஒரு கான்ட்ராக்டரிடம் கொடுத்தோம். பெயர் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். அதனால் அவர் செய்த வேலையை மட்டும் எழுதுகிறேன்.

கொட்டேஷன் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கிகாபிட் வேகம், அதாவது நொடிக்கு 1000 மெகாபிட் (எம்பிபிஎஸ்), தாங்கும் கேட் 6 தரக் கேபிள், கம்ப்யூட்டர்களை இணைக்கும் கிகாபிட் சுவிட்ச், ஒவ்வொரு மேசைக்கும் தனி பாயிண்ட், கடைசி அறையில் வைஃபை தரும் ஆக்சஸ் பாயிண்ட் ஒன்று. பில் வந்தபோது மட்டும் எல்லாம் சுருங்கி 'மெட்டீரியல் மற்றும் லேபர்' என்று ஒரே வரியாகிவிட்டது. கேபிள் என்ன கம்பெனி, எத்தனை மீட்டர், எதுவும் அதில் இல்லை.

குடியேறிய சில நாட்களிலேயே தொல்லை ஆரம்பம். டாலியில் ஒரு லெட்ஜரைத் திறக்கவே காத்திருக்க வேண்டும். பிரிண்டர் காலையில் இருக்கும், மதியம் காணாது. கடைசி அறையில் நாலு பேர் சேர்ந்து போனை எடுத்தால் வைஃபை அணைந்து திரும்ப எழும். கூப்பிட்டபோதெல்லாம் அவர் வந்தார், அதை மறுக்க முடியாது. வந்து சுவிட்சை ஆஃப் செய்து ஆன் செய்வார். ஒரு தடவை, 'வைரஸ் சார்' என்றார். இன்னொரு தடவை, 'உங்க டேட்டா பெருசாயிடுச்சு சார்' என்றார். கடைசியில், 'நெட் பிளான் பத்தாது, 300 எம்பிபிஎஸ் போட்டுருங்க' என்றார்.

எங்கள் டாலி டேட்டா இருப்பது ஆபீஸுக்குள் இருக்கும் சர்வரில். மேசையிலிருந்து சர்வருக்குப் போய்வர இன்டர்நெட் வேகத்துக்கு வேலையே இல்லை. ஆனாலும் பிளானை ஏற்றினோம். மேசைக் கம்ப்யூட்டரில் ஸ்பீடு டெஸ்ட் போட்டால் 94. எத்தனை முறை போட்டாலும் அதே 94. ரூட்டருக்குப் பக்கத்தில் நின்று போனில் போட்டால் 280க்கு மேல். அப்படியானால் அடைப்பு வெளியில் இல்லை, எங்கள் சுவருக்குள்தான் இருக்கிறது.

தெரிந்த பையன் ஒருவர், வேறொரு கம்பெனியில் சிஸ்டம் அட்மின், ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தார். சுவரில் இருந்த பாயிண்டைக் கழற்றியதும் சிரித்துவிட்டார். ஒரே கேபிளைப் பிளந்து, இரண்டு ஜோடிக் கம்பியை ஒரு மேசைக்கும் மீதி இரண்டு ஜோடியைப் பக்கத்து மேசைக்கும் கொடுத்திருந்தது. 100 எம்பிபிஎஸ் இணைப்புக்கு இரண்டு ஜோடி போதும், அதனால் லைன் வரும். கிகாபிட்டுக்கு நாலு ஜோடியும் வேண்டும். எவ்வளவு நல்ல சுவிட்ச் வைத்தாலும் இந்தக் கம்பி 100ஐத் தாண்டாது. அதில் கைக்குக் கிடைப்பதுதான் அந்த 94. மேசைக்கு ஒரு கேபிள் என்று காசு வாங்கிக்கொண்டு, போட்டது பாதி.

இதில் எனக்கு இன்னும் ஆறாத விஷயம் ஒன்று உண்டு. வேலையை ஒப்படைத்த அன்று கான்ட்ராக்டர், எண் போட்ட விளக்குகள் வரிசையாக எரியும் சின்ன டெஸ்டரைக் காட்டினார். 1, 2, 3, 6 எரிந்தன. 4, 5, 7, 8 எரியவில்லை. கேட்டதற்கு, 'அதெல்லாம் ஸ்பேர் சார், தேவைப்படாது' என்றார். பழைய 100 எம்பிபிஎஸ் காலத்தில் அது உண்மைதான்! எட்டும் எரிந்தால்கூட, கம்பி தொடர்ந்து போகிறது என்பதற்கு மட்டும்தான் அந்த டெஸ்டர் சாட்சி. வேகம் தாங்குமா, ஒரு ஜோடியின் சிக்னல் இன்னொன்றில் கலக்கிறதா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அதற்கென்று சர்ட்டிஃபிகேஷன் டெஸ்டர் இருக்கிறது. விலை அதிகம், ஆனால் வாடகைக்குக் கொண்டுவந்து ஒவ்வொரு பாயிண்டுக்கும் ரிப்போர்ட் எடுத்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்து அந்த சிஸ்டம் அட்மின் கேபிளின் நுனியைப் பிளேடால் சுரண்டினார். செம்பு நிறம் போய் வெள்ளை வந்தது. அலுமினியக் கம்பிக்கு மேல் செம்புப் பூச்சு. கடையில் இதை சிசிஏ என்பார்கள். உறையில் கேட் 6 என்று அச்சடித்திருந்தாலும், கேட் 6க்கான தரநிலைகள் இந்தக் கம்பியை ஏற்பதில்லை. மின்தடை அதிகம், வளைத்தால் சீக்கிரம் ஒடியும். எங்கள் ஆக்சஸ் பாயிண்டுக்குக் கரண்டும் இந்தக் கேபிள் வழியாகத்தான் போகிறது. ஆள் கூடும்போது அது கூடுதல் கரண்ட் இழுக்கும், இவ்வளவு தூரத்தில் வோல்டேஜ் இறங்கிவிடும், உடனே ரீஸ்டார்ட். செம்புக் கேபிளை மாற்றியதும் அது நின்றுவிட்டது. 305 மீட்டர் பெட்டியைத் தூக்கிப் பார்த்தாலே செம்புக்கும் இதற்கும் எடை வித்தியாசம் தெரியுமாம். பெட்டி எங்கள் கண்ணிலேயே படவில்லை, வெளியிலேயே பிரித்துச் சுருளாகக் கொண்டுவந்தார்கள்.

பிரிண்டர் காணாமல் போனதற்குக் காரணம் ரேக்கின் பின்னால் இருந்தது. போர்ட் பத்தாமல், யாரோ கழித்துப் போட்ட வீட்டு ரூட்டர் ஒன்றைச் சுவிட்ச் போலச் செருகியிருந்தார்கள். அதில் டிஹெச்சிபியை, அதாவது ஒவ்வொரு கருவிக்கும் தானாக ஐபி முகவரி கொடுக்கும் வசதியை, நிறுத்தவில்லை. மெயின் ரூட்டர் ஒரு வரிசையில் ஐபி கொடுக்க, இது இன்னொரு வரிசையில் கொடுத்துக்கொண்டிருந்தது. எது முந்துகிறதோ அதைப் பொறுத்து அன்றைக்குப் பிரிண்டர் கிடைக்கும் அல்லது கிடைக்காது.

போட்டோவோடு கான்ட்ராக்டரிடம் கேட்டபோது, 'நீங்க சொன்ன ரேட்டுக்கு இதுதான் வரும்' என்றார். ரேட்டைச் சொன்னதே அவர்தான்! பாக்கித் தொகையை நிறுத்தி வைத்தோம். சுவிட்ச், ஆக்சஸ் பாயிண்ட் பாஸ்வேர்டுகளைத் தர மாட்டேன் என்றார். அப்புறம் ரீசெட் பட்டனை அழுத்தி எல்லாவற்றையும் முதலிலிருந்து அமைக்க வேண்டியதாயிற்று. பாஸ்வேர்டும், எந்தக் கேபிள் எந்த மேசைக்குப் போகிறது என்ற வரைபடமும் கைக்கு வந்த பிறகே கடைசித் தவணை என்று கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள்.

நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம் என்று நினைத்தோம். 2019 சட்டப்படி வியாபார நோக்கத்துக்காகப் பெற்ற சேவை என்றால் அங்கே நிற்காது என்று வக்கீல் சொன்னார். சுயதொழிலாகத் தன் பிழைப்புக்கு மட்டும் நடத்துகிறவருக்கு விலக்கு உண்டு. ஆள் வைத்து நடத்தும் எங்களுக்கு அது கடினமாம். சிவில் வழக்குதான் வழி, அதற்கும் கேபிள் விவரம் இல்லாத அந்த ஒற்றை வரி பில்லே இடைஞ்சல். இப்போதைக்கு வக்கீல் நோட்டீஸ் போயிருக்கிறது, பதில் இல்லை. சர்வர் அறைப் பக்கம் புதுக் கேபிள் இழுத்தாகிவிட்டது. ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல் போன மீதியை ரிட்டர்ன் வேலை ஓய்கிற வாரத்தில் பிரிக்கப் போகிறோம்.