ஆடிட்டர் அனுப்புற செல்லான் பிடிஎஃப்ப நம்பி டேக்ஸ் கட்டியாச்சுன்னு இருக்காதீங்க

திருப்பூர்ல எலாஸ்டிக், பட்டன், லேபிள் வாங்கி விக்கிற சின்ன கடைங்க எங்களுது. ஜிஎஸ்டி வேலைய ஒரு கன்சல்டன்ட்டுகிட்ட குடுத்திருந்தோம், சிஏ படிச்சவர் இல்ல, ஆனா ஏரியால எல்லாரும் ஆடிட்டர்னு தான் கூப்பிடுவாங்க. மாசாமாசம் சேல்ஸ் பில்லு பர்ச்சேஸ் பில்லு ரெண்டையும் அனுப்பிருவோம், இவ்ளோ டேக்ஸ் வருதுங்கண்ணான்னு சொல்வார், அவர் பீஸையும் சேத்து ஜிபே போட்டுருவோம், ரெண்டு நாள்ல வாட்ஸப்ல செல்லான், அதாவது டேக்ஸ் கட்டுற சீட்டு, வந்துரும்.

ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி பர்ச்சேஸ்லருந்து போன் பண்ணி "அண்ணா, உங்க பில்லு எதுவுமே எங்க 2பி-ல வரலைங்க, இன்புட் எடுக்க முடியல, டேக்ஸ பிடிச்சிட்டு தான் பேமென்ட் போடுவோம்"னு சொன்னப்ப தான் சந்தேகமே வந்துது. 2பின்னா நாம ஏத்துற பில்லு வாங்குனவங்களுக்கு காட்டுற லிஸ்ட், இன்புட்னா பர்ச்சேஸ்ல குடுத்த டேக்ஸ கழிச்சுக்கறது. ஆடிட்டர கேட்டா ஜிஎஸ்டி போர்ட்டல் எரர், அடுத்த மாசம் சரியாயிரும்ங்கறார். போர்ட்டல்ல லாகின் இல்லாமயே 'சர்ச் டேக்ஸ்பேயர்'ல நம்ம ஜிஎஸ்டி நம்பர போட்டு பாக்கலாம், பாத்தா எல்லா மாசமும் ஃபைல்டுன்னு தான் காட்டுது. இங்க தாங்க ஏமாத்து வேலையே. ஃபைல் பண்ணிருக்குன்னு மட்டும் தான் வெளிய தெரியும், நில்லா, அதாவது வியாபாரமே இல்லன்னு போட்டாங்களா, டேக்ஸோட போட்டாங்களான்னு தெரியவே தெரியாது.

லாகின் கேட்டா குடுக்கல. ரெஜிஸ்ட்ரேஷன் எடுத்தப்பவே அவர் மொபைல் நம்பரையும் மெயிலையும் போட்டு வெச்சிருக்கார், ஓடிபி எல்லாம் அவருக்கே போயிட்டிருந்துது. நில் ரிட்டர்னுக்கு போர்ட்டலே தொறக்க வேண்டாம், ரெஜிஸ்டர் ஆன நம்பர்லருந்து 14409க்கு எஸ்எம்எஸ் போட்டா போதும். எங்க உழைப்புக்காசு அவர் அக்கவுன்ட்ல, கவர்மென்ட்டுக்கு போனது வெறும் நில்.

அப்ப அந்த செல்லான்? போர்ட்டல்ல அமௌன்ட் போட்டு உருவாக்கலாம், பணம் கட்டாமயே 14 இலக்க சிபின் நம்பரோட பிடிஎஃப் வந்துரும், 15 நாள்ல கட்டலன்னா அது செல்லாது. பேங்க்ல பணம் ஏறினா தான் 17 இலக்க சின் நம்பர் வரும். இவர் அனுப்புன ஒண்ணுல கூட சின் இல்ல. பச்ச கலர்ல தலைப்பு, எங்க கடை பேரு, சரியான தொகை எல்லாம் இருந்துது, அத பாத்தா யாருக்குங்க சந்தேகம் வரும்?

ஜிஎஸ்டி ஆபீஸ்ல நேராவே சொல்லிட்டாங்க, கன்சல்டன்ட் ஏமாத்துனது உங்களுக்கும் அவருக்கும் உள்ளது, டேக்ஸ் நீங்க தான் கட்டணும்னு. வருஷத்துக்கு 18% வட்டியோட மறுபடி கட்டிட்டு இருக்கோம். போட்ட 3பி-ய, அதாவது டேக்ஸ் கணக்கு காட்டுற ரிட்டர்ன, திருத்த முடியாது, விட்டுப்போன பில்ல பின்னாடி மாசத்து ஜிஎஸ்டிஆர்-1ங்கற சேல்ஸ் பில்லு ரிட்டர்ன்ல தான் ஏத்தணும். போன நிதியாண்டு பில்லுன்னா அதுவும் நவம்பர் 30க்குள்ள, தாண்டிட்டா நம்மகிட்ட வாங்குன பார்ட்டிக்கும் இன்புட் போச்சு, நம்ம பர்ச்சேஸ் இன்புட்டும் போச்சு. எங்களுக்கு அதுக்கு முன்னாடியே தெரிஞ்சதால இவ்வளவோட நின்னுது. போலீஸ்ல ஜிபே ஹிஸ்டரி, வாட்ஸப் எல்லாம் பிரின்ட் எடுத்து கம்ப்ளைன்ட் குடுத்திருக்கோம். அவர் ஆபீஸ் இன்னும் தொறந்து தான் இருக்கு, இன்னும் எத்தன கடைக்காரங்க பில்லு அங்க கெடக்கோ, நினைச்சா வயிறு எரியுது.

டேக்ஸ் பணத்த யார் கைலயும் குடுக்காதீங்க, செல்லான வாங்கி உங்க நெட் பேங்கிங்லருந்து நீங்களே கட்டுங்க. லாகின் பண்ணி கேஷ் லெட்ஜர்ல பணம் ஏறிருக்கான்னு பாருங்க, 3பி பிடிஎஃப்ப எறக்கி 3.1ங்கற இடத்துல உங்க சேல்ஸ் வந்திருக்கான்னு பாருங்க, ஜீரோன்னு இருந்தா அன்னிக்கே கேளுங்க. லாகின் அவங்க கைல மாட்டிருந்தா பான் கார்டு, தொழில் ப்ரூஃப் எடுத்துட்டு உங்க ஏரியா ஜிஎஸ்டி ஆபீஸ் போனீங்கன்னா உங்க நம்பர், மெயில மாத்தி புது பாஸ்வேர்டு குடுப்பாங்க, நாங்களும் அப்படித்தான் வாங்குனோம்.