ஆக்குபேஷனல் தெரபி என்று பணம் கட்டும் முன் விசாரியுங்கள்

மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் கையில் எரிச்சலும் வீக்கமும் அடங்காதவர்களுக்காகவும், பக்கவாதத்துக்குப் பின் கையை மீட்க முயல்பவர்களுக்காகவும், அவர்களுக்காக அலையும் குடும்பத்தாருக்காகவும் இதை எழுதுகிறேன். மதுரையில் ஒரு தனியார் மறுவாழ்வு மையம் என் அக்காவிடம் ஆக்குபேஷனல் தெரபி (அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்யப் பழக்கும் சிகிச்சை) என்று ரசீது போட்டு 48,000 ரூபாயை மொத்தமாக வாங்கிக்கொண்டு, அந்தச் சிகிச்சையை ஒரு நாளும் கொடுக்கவில்லை.

அக்கா ரவிக்கை தைப்பவர். படியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. கட்டைப் பிரித்தபோது விரல்கள் வீங்கி, தோல் பளபளத்து, ஒரு நேரம் சிவந்தும் ஒரு நேரம் நீலம் பாரித்தும் இருந்தன. சேலை முந்தானை உரசினாலே கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்வார். எலும்பு நன்றாகக் கூடிவிட்டது என்று எக்ஸ்ரேயில் தெரிந்தும் வலி ஏறிக்கொண்டே போனது. இந்த நிலைக்கு சி.ஆர்.பி.எஸ். (காம்ப்ளெக்ஸ் ரீஜினல் பெயின் சிண்ட்ரோம்) என்று பெயர். பட்ட அடிக்குச் சற்றும் பொருந்தாத அளவுக்கு நரம்பு மண்டலம் வலியைப் பெருக்கிவிடுகிறது. மணிக்கட்டு முறிவுக்குப் பின் இது வரக்கூடும் என்பது மருத்துவ உலகம் நன்கு அறிந்ததுதான்.

அந்த மையத்தில் நடந்தது என்னவென்றால், மெழுகில் கையை முக்கி எடுப்பார்கள், கரண்ட் வைப்பார்கள், பிறகு ஓர் உதவியாளர், காதில் செல்பேசியை இடுக்கியபடியே, விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து மடக்குவார். அக்கா கதறினால், ‘வலித்தால்தான் கை திரும்பும்’ என்பார். இந்நோயில் வலியை மீறி முரட்டுத்தனமாக வளைப்பது நிலைமையை மோசமாக்கக்கூடும் என்பதை அங்கே எவரும் அறிந்திருக்கவில்லை. அல்லது அறிந்தும் பொருட்படுத்தவில்லை. ஒவ்வொரு முறையும் வீக்கம் கூடியே வீடு திரும்பினார். வருகைத் தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தபோது எல்லா வரியிலும் ‘முன்னேற்றம் உண்டு’ என்ற ஒரே வாசகம் இருந்தது. விரல் எவ்வளவு மடங்குகிறது, பிடியின் வலு எவ்வளவு என்று அளந்ததற்கான ஓர் எண்கூட அதில் இல்லை. எனக்கு மிகுந்த கோபத்தை உண்டாக்கியது வேறொன்று. அவர் என்ன வேலை செய்கிறார் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. அன்றாட வேலைகளுக்கு ஒருவரை மீட்டுக் கொண்டுவருவதற்காகவே இருக்கும் சிகிச்சை, அந்தக் கேள்வி இல்லாமல் எப்படித் தொடங்க முடியும்?

பிறகு அரசு மருத்துவமனையில் பார்த்த தெரபிஸ்ட் முதலில் கேட்டதே அதைத்தான். ஹெம்மிங், காஜா, கொக்கி கட்டுவது என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லி, எதில் எந்த இடம் வலிக்கிறது என்று குறித்துக்கொண்டார். பஞ்சு, பிறகு பருத்தித் துணி, பிறகு சொரசொரப்பான துண்டு, பிறகு கிண்ணத்து அரிசி என்று தோலைத் தொடுதலுக்குப் பழக்கினார். இரு கைகளுக்கும் நடுவே கண்ணாடியை நிறுத்தி, நோயுள்ள கையை அதன் பின்னால் மறைத்து, நல்ல கையின் பிம்பத்தைப் பார்த்தபடி அசைக்கச் செய்தார். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன், கையை இழந்தவர்களுக்கு இல்லாத அந்தக் கையிலேயே வரும் மாய உறுப்பு வலிக்காக 1990களில் கொண்டுவந்த முறை அது. கத்தரிக்கோலின் பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கிக் கொடுத்தார். வலி உச்சத்துக்குப் போகும் முன்பே வேலையை நிறுத்தி ஓய்வெடுக்கவும், நல்ல நாள் வந்தது என்று ஒரேயடியாகத் தைத்துத் தள்ளாமல் இருக்கவும் பழக்கினார். வலி முழுமையாகப் போய்விடவில்லை. ஆனாலும் அக்கா இப்போது கொக்கி கட்டுகிறார், தானே தலை பின்னிக்கொள்கிறார்.

எனவே, பணம் கட்டும் முன் சிகிச்சை தருபவர் பி.ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபி இளநிலைப் பட்டம்) படித்தவரா என்று நேரடியாகக் கேளுங்கள். அது நான்கு ஆண்டுப் படிப்பும் அதற்கு மேல் உள்ளிருப்புப் பயிற்சியும் கொண்டது. 2021ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் இதை ஒரு தனித் தொழிலாகவே அங்கீகரிக்கிறது. முதல் நாளே கையை அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். சென்னைக்குப் பக்கம் இருப்பவர்களுக்கு கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது, வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மறுவாழ்வு மையம் 1966 முதல் இயங்கிவருகிறது.

மீதிப் பணத்தைக் கேட்டபோது, ‘தள்ளுபடி பேக்கேஜ், திருப்பித் தர இயலாது’ என்று மையம் கைவிரித்துவிட்டது. கட்டணம் பெற்றுத் தரும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டது என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் மனுக் கொடுக்க வேண்டும், 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. ரசீதையும் வருகைத் தாளின் நகலையும் இணைத்து நாங்கள் மனுக் கொடுத்திருக்கிறோம். இதேபோல் ஏமாற்றப்பட்டவர்கள் அந்த இரண்டு தாள்களையும் கையோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தகராறு வந்த பிறகு கேட்டால் தரமாட்டார்கள்.