மாதவிடாய் நின்றுபோனால்: மாத்திரை சோதனையா, ரத்தப் பரிசோதனையா?

ஒழுங்காக வந்துகொண்டிருந்த மாதவிடாய் மூன்று மாதம் வரவில்லையென்றால் முதல் வேலை கர்ப்பப் பரிசோதனை. அதில் பேச்சே இல்லை. அடுத்ததற்குத்தான் இரண்டு வழி. மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் (புரோஜெஸ்டிரோன் வகை ஹார்மோன்) 10 மி.கி. மாத்திரையை 5 முதல் 10 நாள் கொடுத்து நிறுத்தி, உதிரம் படுகிறதா என்று பார்க்கலாம்; பட்டால், சினைப்பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் இருக்கிறது என்று கணக்கு. அல்லது எஃப்எஸ்எச் (சினைப்பையைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோன்), எஸ்ட்ராடியோல் (முக்கிய ஈஸ்ட்ரோஜன்), புரோலாக்டின் (பால் சுரப்பு ஹார்மோன்), டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) நான்கையும் ரத்தத்தில் பார்க்கலாம். நான் ரத்தப் பரிசோதனைக் கட்சி.

மாத்திரை மலிவு. நிறுத்திய ஒரு வாரத்தில் பெரும்பாலும் பதில் தெரிந்துவிடும். ஆனால் அந்தப் பதிலை எவ்வளவு நம்பலாம்? ‘உதிரம் பட்டது, ஆகவே சினைப்பை நலம்’ என்று முடிவுகட்டுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. 40 வயதுக்குள் சினைப்பை ஓய்ந்துவருபவர்களில் பாதிப்பேர் வரை இந்த மாத்திரைக்கு உதிரம் படும். அவர்களின் சினைப்பை விட்டுவிட்டு இயங்கி, இடையிடையே ஈஸ்ட்ரோஜன் சுரக்கிறது. எடை சரிந்தோ கடும் உடற்பயிற்சியாலோ மாதவிடாய் நின்றவர்களிலும் 40% வரை அப்படித்தான். மறுபுறம், ஈஸ்ட்ரோஜன் போதுமான அளவு இருந்தும் 20% பேர் வரை உதிரம் படுவதில்லை. பொய்யான நிம்மதியில் மாதங்கள் ஓடினால், ஈஸ்ட்ரோஜன் குறைவில் எலும்பு தேயும்.

ரத்தத்தில் எஃப்எஸ்எச் ஏறி எஸ்ட்ராடியோல் இறங்கியிருந்தால் கோளாறு சினைப்பையில். இரண்டும் தாழ்ந்திருந்தால் மூளைப் பக்கம், அதாவது ஹைப்போதலாமஸ் அல்லது பிட்யூட்டரி. எஃப்எஸ்எச் லிட்டருக்கு 25 ஐ.யு.வைத் தாண்டினால் சினைப்பைச் செயலிழப்பைச் சந்தேகிக்க வேண்டும். அளவு ஏறி இறங்குவதால், ஐயம் இருந்தால் நான்கு வாரத்துக்குப் பின் மறுபடி எடுப்பது நல்லது.

இதிலும் கோட்டை விட இடமுண்டு. முடி வளர்ச்சிக்கான பயோட்டின் மாத்திரை சில ஆய்வக முறைகளில் எஃப்எஸ்எச், டிஎஸ்எச்சைக் குறைத்தும் எஸ்ட்ராடியோலைக் கூட்டியும் காட்டும். குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள், அதிக அளவு எடுப்பவர்கள் இன்னும் முன்னதாக. கருத்தடை மாத்திரை எஃப்எஸ்எச்சை அமுக்கிவிடும். வாந்திக்கான டாம்பெரிடோன் புரோலாக்டினை ஏற்றும். ஏஎம்எச்-ஐ (சினைப்பையின் முட்டை இருப்பைக் காட்டும் ஹார்மோன்) மட்டும் வைத்து முடிவு சொல்ல நான் தயங்குவேன்.

பிசிஓஎஸ் (கருமுட்டை ஒழுங்காக வெளிவராத ஹார்மோன் கோளாறு) என்று உறுதியான பின் மாத்திரைக்கு மதிப்பு கூடுகிறது: கருப்பை உட்சவ்வு தடித்துக்கொண்டே போகாமல் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை உதிரவைக்கும். ரத்த அளவுகள் சரியாக இருந்து, ஈஸ்ட்ரோஜன் சேர்த்துக் கொடுத்தும் உதிரம் படாவிட்டால் ஹார்மோனை விட்டுவிட்டுக் கருப்பையைப் பாருங்கள்: கருப்பையைச் சுரண்டும் சிகிச்சைக்குப் பின் உள்ளே வந்த ஒட்டல், நம் நாட்டில் கருப்பைக் காசநோயும்கூட. அதற்கு ஹிஸ்டெரோஸ்கோப்பி (கருப்பைக்குள் சிறு கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது)தான் வழி.