‘அரசு ஃபைபர்’ என்று செட்டிநாட்டுப் பக்கம் பணம் கேட்டு வந்தால், கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

எங்கள் ஊர் கானாடுகாத்தானுக்குப் பக்கம். பெயர் வேண்டாம். சென்னை வேலையை விட்டுவிட்டு ஆத்தாவுக்குத் துணையாக வந்து, வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்க்கிறேன். செல்போன் சிக்னல் முகப்பில் இரண்டு கோடு காட்டும், வளவுக்குள் போனால் அதுவும் போய்விடும். ஐயா காலத்துச் சுவர் அப்படி. அதனால் ஃபைபர், அதாவது கண்ணாடி இழைக் கம்பி வழியாக வரும் இணையம், வருகிறது என்று யார் சொன்னாலும் நம்பத் தயாராக இருந்தேன்.

புரட்டாசியில் ஒருவர் வந்தார். கையில் தேசியக் கொடி அச்சடித்த துண்டுச்சீட்டு. “ஊராட்சி ஆபீஸ்ல பெட்டி வச்சிருக்காங்க பாத்தீங்களாண்ணே? அந்த லைன்தான். முதல் 50 வீட்டுக்கு மாட்டித் தர்ற கூலி இல்லை. மாசம் 599, ஆறு மாசத்துக்குச் சேர்த்துக் கட்டணும். ஞாயித்துக்கிழமை கடைசி.” ஆத்தாவைப் பார்த்து, “ஆச்சி, சிங்கப்பூர் பேத்திகிட்ட சினிமா மாதிரி தெளிவாப் பேசலாம்” என்றார். அதற்குமேல் வீட்டில் விவாதமே இல்லை. 3,594 ரூபாய், பெட்டிக்கு முன்பணம் 1,500, ஆக 5,094 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன். ரசீது? பழைய கேபிள் டிவி ரசீதுப் புத்தகத்திலிருந்து ஒரு தாள். மேலே ‘கேபிள் கட்டணம்’ என்றே அச்சாகியிருந்தது. அப்போதே விழித்திருக்க வேண்டும்.

ஊராட்சி அலுவலகத்தில் பெட்டி இருப்பது உண்மைதான், அதனால்தான் நம்பினேன். நாட்டின் இரண்டரை லட்சம் ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழைக் கம்பி கொண்டுபோகும் திட்டத்துக்கு 2011 அக்டோபரில் ஒப்புதல் கிடைத்தது. பிறகு அதற்குப் பாரத்நெட் என்று பெயர் வைத்தார்கள். தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளை இணைக்கும் வேலை டான்ஃபிநெட் என்ற அரசு நிறுவனத்திடம் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் மத்திய அரசு 1.39 லட்சம் கோடி ரூபாயில் திட்டத்தைத் திருத்தி நீட்டித்தது. ஆனால் ஊராட்சிப் பெட்டி வரை கம்பி வந்துவிட்டால் நம் வீட்டுக்கும் வந்துவிட்டது என்று ஆகாது. அங்கிருந்து வீட்டு வாசல் வரை யாராவது ஒரு நிறுவனம் இழுக்க வேண்டும். நம்ம ஆள் பிழைப்பதே அந்த இடைவெளியில்தான். பிற்பாடு ஊராட்சி எழுத்தரிடம் கேட்டேன். “அவருக்கும் இந்தப் பெட்டிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லைங்க” என்றார்.

நான்கு நாளில் கம்பி வந்தது. கம்பத்திலிருந்து கறுப்பு வயர், முகப்பில் ஒரு பெட்டி. அவர் செல்போனில் வேகத்தைச் சோதித்துக் காட்டினார், 92 எம்பிபிஎஸ் என்றது. சந்தோஷம். இரவு ஏழு மணியானால் 3, சில நாள் 2. கேட்டால், “எல்லாரும் சீரியல் பாக்குறாங்கண்ணே.” பகலில் அவர் காட்டிய எண், வெளி இணையம் வரை இல்லாமல் அவருடைய சொந்தக் கணினி வரை மட்டும் சோதித்த எண் என்பது எனக்கு அப்போது தெரியாது. (வீட்டின் பின்பகுதியான இரண்டாங்கட்டில் வைஃபை எட்டாததற்கு மட்டும் அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன், அது ஐயாவின் சுவர் செய்த வேலை.)

ஐப்பசியில் ஒரு சாயங்காலம் இடி மழை. மறுநாள் பெட்டி செத்துக் கிடந்தது. வயர் சொருகும் ஓட்டை கருகியிருந்தது, அடாப்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. காரைக்குடியில் ஃபைபர் ஒட்டும் வேலை பார்க்கும் தம்பி ஒருவரை வரச்சொன்னேன். வயர் நுனியைப் பார்த்ததுமே சிரித்தார். “அண்ணே, இது லேன் கேபிள். உள்ள செம்புக் கம்பி. இடி இது வழியாத்தான் ஏறியிருக்கு. கண்ணாடில எங்க கரண்ட் ஓடும்?”

அவரோடு தெருவில் நடந்து பார்த்தேன். மூன்றாவது கம்பத்தில் ஒரு தகரப் பெட்டி. அதற்கு டீக்கடையிலிருந்து மின்சாரம். உள்ளே ஒரு சின்ன ஸ்விட்ச் (ஒரே இணைப்பைப் பல வயர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் கருவி), தெருவில் 14 வீட்டுக்கும் அதிலிருந்துதான் செம்பு வயர். லேன் கேபிள் 100 மீட்டருக்கு மேல் ஒழுங்காக வேலை செய்யாது, எங்கள் வீடோ தெருக் கடைசி. டீக்கடைக்காரர் கடையை அடைத்து மெயினை அணைத்தால் தெருவுக்கே இணையம் போகும். இரவு பத்து மணியானால் இணையம் அடியோடு நின்றுபோன மர்மம் அன்றைக்குத்தான் விளங்கியது.

அந்தத் தம்பி சொன்ன அடையாளங்கள் இவை. உண்மையான ஃபைபரில் பெட்டிக்குள் போவது மெல்லிய வயர், நுனியில் பச்சை அல்லது நீலப் பிளாஸ்டிக் சொருகி, பெட்டியில் பெரும்பாலும் ‘லாஸ்’ (LOS) என்று ஒரு விளக்கு, ஒளி வராவிட்டால் சிவப்பாக எரியும். பழைய டெலிபோன் கிளிப்பின் அண்ணன் மாதிரி நிறமில்லாத பிளாஸ்டிக் கிளிப் மாட்டிய வயர் நேராகத் தெருக்கம்பத்திலிருந்து வந்தால் அது ஃபைபர் இல்லை, விலை மட்டும்தான் ஃபைபர்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். “இடி விழுந்தது இயற்கைச் சேதம், புதுப் பெட்டிக்கு 1,800 கட்டுங்க” என்றார். அப்புறம் என் அழைப்பையே எடுப்பதில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசினேன். நிறுவனத்தின் பெயர் கேட்டார்கள். என்னிடம் இருந்தது கேபிள் ரசீது. அங்கேதான் நான் தோற்றேன். உரிமம் பெற்ற நிறுவனத்தின் பெயர், ஜிஎஸ்டி எண், வாடிக்கையாளர் எண் மூன்றும் உள்ள பில் இருந்திருந்தால், முதலில் அந்த நிறுவனத்திடம் புகார் எண் வாங்கி, அதன் மேல்முறையீட்டு அதிகாரி வரை போயிருக்கலாம். நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், தொலைத்தொடர்புப் புகாரை அங்கே விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றமே 2022-ல் சொல்லிவிட்டது. செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணமும் கிடையாது. பெயர் தெரியாத ஆள்மேல் என்னவென்று எழுதுவது?

இப்போது வேறு நிறுவனத்தில் இணைப்பு வாங்கிவிட்டேன், மாதா மாதம் கட்டுகிறேன், பச்சைச் சொருகியைப் பார்த்த பிறகுதான் பணம் கொடுத்தேன். இரண்டாங்கட்டுக்குத் தனியாக ஒரு வயர் இழுத்தாயிற்று, ஆத்தா பட்டாலையில் உட்கார்ந்து பேத்தியோடு பேசுகிறார்.

போன வாரம் பள்ளத்தூரில் இருக்கும் சித்தப்பா ஒரு துண்டுச்சீட்டைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். “தம்பி, இதுல சேரலாமா?” அதே கொடி, அதே முதல் 50 வீடு. கடைசி நாள் மட்டும் அடுத்த ஞாயிறு.