பழைய வழக்குகளை மறக்காத ஓர் அலுவலகம்: சான்பிரான்சிஸ்கோவின் இலவசத் தஞ்ச வழக்கு உதவிச் சேவை குறித்து ஒரு பயனரின் மதிப்புரை

அமெரிக்காவில் கொலைக் குற்றம் சாட்டப்பட்டவர் ஏழையாக இருந்தால் அரசே அவருக்கு வழக்கறிஞரை அமர்த்தித் தரும். கணவனின் கத்திக்குத் தப்பி எல்லை தாண்டி வந்து தஞ்சம் கேட்கும் பெண்ணுக்கு அந்த ஏற்பாடு கிடையாது. அவள் தானே ஒருவரைத் தேடிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் தனக்குத் தெரியாத மொழியில், தனக்குப் புரியாத சட்டத்தை வைத்துக்கொண்டு, அரசுத் தரப்பு வழக்கறிஞருக்கு எதிரே தனியாக நிற்க வேண்டும். ஓக்லாந்தில் உள்ள ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதியாக நான் வேலை செய்கிறேன். வழக்கறிஞர் பட்டம் இல்லாவிட்டாலும் குடிவரவு வழக்குகளில் வாதாட அரசின் அனுமதி பெற்றவர்களுக்கு அந்தப் பெயர். எங்களைப் போன்றவர்களுக்குப் பின்பலமாக இருந்து உதவும் ஒரு சேவையைப் பற்றித்தான் இந்த மதிப்புரை.

சேவையை நடத்துவது சென்டர் ஃபார் ஜெண்டர் அண்ட் ரெஃப்யூஜி ஸ்டடீஸ், அதாவது பாலினம் மற்றும் அகதிகள் ஆய்வு மையம். சான்பிரான்சிஸ்கோவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சட்டக் கல்லூரிக்குள் அது இயங்குகிறது. ஹேஸ்டிங்ஸ் என்று நெடுங்காலம் வழங்கிவந்த அந்தக் கல்லூரியின் பெயர், நிறுவனரின் பெயரோடு பூர்வகுடிப் படுகொலைகளின் நினைவும் ஒட்டிக்கொண்டிருந்ததால், 2023 தொடக்கத்தில் மாற்றப்பட்டது. வழக்கை எடுத்திருப்பவர் இணையத்தில் ஒரு விண்ணப்பத்தை நிரப்பி, எந்த நாடு, என்ன கொடுமை, விசாரணை எப்போது என்று தெரிவித்தால், அதற்கேற்ற சட்டக் குறிப்புகள், மாதிரி வாதவுரைகள், அந்நாட்டு நிலைமை குறித்து வல்லுநர்கள் சத்தியம் செய்து அளித்த வாக்குமூலங்கள் ஆகியவை வந்து சேரும். கட்டணம் இல்லை.

இந்த மையம் உருவான கதை தெரிந்தால்தான் அதன் வேலையின் இயல்பு விளங்கும். 1994 டிசம்பரில் டோகோ நாட்டிலிருந்து 17 வயதுப் பெண் ஒருத்தி நெவார்க் விமான நிலையத்தில் வந்திறங்கித் தஞ்சம் கேட்டாள். 45 வயது மனிதருக்கு நான்காம் மனைவியாக்கவும், அதற்கு முன் பிறப்புறுப்புச் சிதைப்புக்கு உள்ளாக்கவும் உறவினர்கள் ஏற்பாடு செய்திருந்ததால் ஓடி வந்தவள். அமெரிக்கா அவளை ஓராண்டுக்கும் மேலாகத் தடுப்புக் காவலில் வைத்தது. 1996 ஜூன் 13 அன்று குடிவரவு மேல்முறையீட்டு வாரியம் அவளுக்குத் தஞ்சம் வழங்கியது. அவள் பெயர் ஃபௌசியா கசிந்த்ஜா. அதிகாரிகள் தவறாக எழுதிவைத்ததால் சட்ட உலகில் அந்தத் தீர்ப்பு இன்றுவரை 'கசிங்கா' தீர்ப்பு என்றே வழங்குகிறது. பெண்களுக்குக் கதவு திறந்துவிட்ட தீர்ப்பில் அந்தப் பெண்ணின் பெயரையே சரியாக எழுத முடியவில்லை என்பதை நான் ஒவ்வொரு முறையும் எரிச்சலோடுதான் நினைத்துக்கொள்கிறேன். வாரியத்தின் முன் அவளுக்காக வாதாடிய கேரன் முசாலோவிடம் அதன் பிறகு நாடெங்கிலும் உள்ள வழக்கறிஞர்கள் உதவி கேட்கத் தொடங்க, 1999இல் அவர் இந்த மையத்தை நிறுவினார்.

அதே ஆண்டில்தான் ரோடி அல்வராடோ என்ற குவாத்தமாலாப் பெண்ணின் வழக்கு கவிழ்ந்தது. முன்னாள் ராணுவ வீரனான கணவனிடம் பத்தாண்டுகள் வதைபட்டு, பலமுறை காவல்துறையிடம் போய்ப் பயனில்லாமல், 1995இல் தப்பி வந்தவர் அவர். 1996இல் சான்பிரான்சிஸ்கோ நீதிபதி ஒருவர் தஞ்சம் கொடுத்தார். 1999இல் மேல்முறையீட்டு வாரியம் அதைப் பறித்தது. பிறகு மூன்று அட்டர்னி ஜெனரல்களின் (நாட்டின் தலைமைச் சட்ட அதிகாரிகளின்) கையில் புரண்டு, 2009 டிசம்பரில்தான் அவருக்குத் தஞ்சம் உறுதியானது. அந்த நீண்ட காத்திருப்பில் அவருடைய குழந்தைகள் குவாத்தமாலாவில் வளர்ந்தார்கள். வழக்கு இறுதிவரை தளராமல் நடந்ததற்கு இந்த மையம் முக்கியக் காரணம்.

சட்டத்தில் சிக்கல் எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையும் அதைப் பின்பற்றிய அமெரிக்காவின் 1980ஆம் ஆண்டுச் சட்டமும் ஐந்து காரணங்களை மட்டுமே ஏற்கின்றன: இனம், மதம், தேசிய இனம், அரசியல் கருத்து, குறிப்பிட்ட ஒரு சமூகக் குழுவைச் சேர்ந்திருத்தல். பெண்ணாக இருப்பது என்பது பட்டியலில் இல்லை. ஆகவே ஐந்தாவதுக்குள் நுழைந்துதான் வர வேண்டும். மாற்ற முடியாத தன்மையால் இணைந்தவர்களே அத்தகைய குழு என்று 1985இல் வாரியம் வரையறுத்தபோது, அதற்கு எடுத்துக்காட்டாகப் பாலினத்தையும் சேர்த்தே சொன்னது. சொன்ன வார்த்தையை அப்படியே பின்பற்றியிருந்தால் இந்த மதிப்புரைக்கே தேவை இருந்திருக்காது.

குழு ஒன்றைக் காட்டினால் மட்டும் போதாது. அந்தக் குழுவைச் சேர்ந்தவள் என்பதற்காகவே அவன் அடித்தான் என்றும் நிறுவ வேண்டும். இங்கேதான் பெரும்பாலான வழக்குகள் தோற்கின்றன. இந்தச் சேவையின் அருமையை நான் உணர்ந்ததும் இங்கேதான். எங்களிடம் வந்த ஒரு பெண் குவாத்தமாலாவின் வேவேதெனாங்கோ மலைப்பகுதியைச் சேர்ந்தவர் (அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்). அவருடைய தாய்மொழி மாம். அந்நாட்டில் பேசப்படும் மாயா மொழிகளுள் அதுவும் ஒன்று. ஓக்லாந்தின் ஃப்ரூட்வேல் பகுதியில் கடைவீதியிலேயே அதைக் கேட்கலாம். ஆனாலும், எங்களிடம் வருவதற்கு முன் அவர் நாடிய ஓர் அலுவலகம் தொலைபேசியில் ஸ்பானிய மொழிபெயர்ப்பாளரை வைத்தே அவருடைய கதையை எழுதிவிட்டிருந்தது. அதில் இருந்த காரணம் ஒரே வரி: கணவன் குடித்துவிட்டு அடித்தான்.

நம் ஊரிலும் இந்த வரியைக் கேட்காதவர் உண்டா? 'குடிச்சா அப்படித்தான், மத்தபடி நல்ல மனுஷன்' என்று அடிபட்டவளே சமாதானம் சொல்வாள். ஆனால் தஞ்ச வழக்கில் அந்த ஒரு வரி வழக்கையே கொன்றுவிடும். அடிக்குக் காரணம் சாராயம், சமூகக் குழு அல்ல என்று அரசுத் தரப்பு எழுந்து சொன்னால் நம்மிடம் பதில் இருக்காது. மையத்திலிருந்து வந்த சட்டக் குறிப்புகளைப் படித்த பிறகு எங்கள் கேள்விகளை மாற்றிக்கொண்டோம். அடிக்கும்போது என்ன சொன்னான், குடிக்காத நாளில் எப்படி நடந்துகொண்டான், குடித்த நாளில் தன் அண்ணனையோ முதலாளியையோ அடித்தானா, அவள் வேலைக்குப் போவதாகச் சொன்னபோது என்ன நடந்தது, விட்டுப் போன பின்னும் ஏன் தேடி வந்தான். மாம் பேசும் ஒரு பெண்மணியை அருகில் உட்கார வைத்துக்கொண்டு மூன்று மாலைப் பொழுதுகள் பேசினோம். 'உன் அப்பனிடம் சொல்லித்தான் உன்னை எடுத்து வந்தேன், எனக்குச் சொந்தமானதை நான் என்ன வேண்டுமானாலும் செய்வேன்' என்று அவன் திரும்பத் திரும்பச் சொன்னது மூன்றாவது மாலைதான் வெளிவந்தது. அதைப் பொருட்படுத்தத் தக்க செய்தியாகவே அவர் நினைத்திருக்கவில்லை. உலகமே அப்படித்தான் என்று இருந்திருக்கிறார்.

அடுத்த தடை, சொந்த நாட்டு அரசு ஏன் காப்பாற்றவில்லை என்ற கேள்வி. குவாத்தமாலாவில் பெண்கொலைக்கும் பெண்கள் மீதான பிற வன்முறைகளுக்கும் எதிரான சட்டம் 2008இலேயே வந்துவிட்டது. அதற்கெனத் தனி நீதிமன்றங்களும் உள்ளன. சட்டப் புத்தகத்தைக் காட்டி, பாதுகாப்பு அங்கேயே கிடைக்குமே என்று கேட்பது அரசுத் தரப்புக்கு எளிது. மலைக்கிராமத்திலிருந்து அந்த நீதிமன்றத்துக்குப் போகும் தூரம், மாம் மட்டுமே தெரிந்தவளின் புகாரை ஸ்பானியம் மட்டுமே தெரிந்த காவலர் எப்படி வாங்குவார் என்பது, குடும்ப விவகாரம் என்று திருப்பி அனுப்பும் வழக்கம் ஆகிய யாவையும் அந்நாட்டை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த ஒருவர் சத்தியம் செய்து எழுதிக் கொடுத்தால்தான் எடுபடும். அத்தகைய வல்லுநரை அமர்த்தப் பெரும் பணம் தேவைப்படும்; எங்கள் நிறுவனத்துக்குக் கட்டுப்படியாகாது. மையம் ஏற்கனவே பெற்று வைத்திருக்கும் பொதுவான வாக்குமூலங்களைப் பல வழக்குகளில் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பது மிகப் பெரிய உதவி. ஆனால் அதை அப்படியே கோப்பில் இணைத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று இருப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். எந்தப் பத்தி தன் கட்சிக்காரரின் எந்த அனுபவத்தோடு பொருந்துகிறது என்று கோடிட்டுக் காட்டாவிட்டால் நீதிபதி அதைப் புரட்டக்கூட மாட்டார்.

எனக்கு இந்தச் சேவையில் எல்லாவற்றையும் விட முக்கியமாகத் தோன்றுவது அதன் தரவுத்தொகுப்பு. குடிவரவு நீதிபதிகளின் தீர்ப்புகள் பெரும்பாலும் வெளியிடப்படுவதில்லை. பல தீர்ப்புகள் விசாரணை முடிந்ததும் வாய்மொழியாகவே சொல்லப்படுகின்றன. ஒரே கட்டடத்தில் அடுத்தடுத்த அறைகளில் ஒரே மாதிரியான இரண்டு பெண்களில் ஒருத்தி தஞ்சம் பெறுவாள், இன்னொருத்தி நாடு கடத்தப்படுவாள். ஏன் என்று வெளியே யாருக்கும் தெரியாது. உதவி பெற்றவர்களிடம் வழக்கின் முடிவைத் திரும்பக் கேட்டு வாங்கிச் சேர்த்து வைப்பதை இந்த மையம் தொடக்கத்திலிருந்தே செய்துவருகிறது. எந்த வாதம் எந்த ஊரில் எடுபட்டது, எது சறுக்கியது என்ற அறிவு அப்படித்தான் அடுத்தவருக்குக் கிடைக்கிறது. ஒருத்தி மூடிய அறைக்குள் வென்றது அந்த அறையோடு மறைந்துபோகாமல் இருப்பதற்கு வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

அந்த நினைவு ஏன் இவ்வளவு தேவைப்படுகிறது என்றால், சட்டம் ஓரிடத்தில் நிற்பதில்லை. குடிவரவு நீதிமன்றம் என்று பெயர் இருந்தாலும் அது நிர்வாகப் பிரிவின் ஓர் அங்கம். அட்டர்னி ஜெனரல் விரும்பினால் எந்த வழக்கையும் தன் மேசைக்கு இழுத்துத் தானே தீர்ப்பெழுதலாம். 2014 ஆகஸ்டில், கணவனை விட்டு விலக முடியாத குவாத்தமாலா மணமான பெண்களை ஒரு சமூகக் குழுவாக வாரியம் ஏற்றது. 2018 ஜூன் 11 அன்று அட்டர்னி ஜெனரல் ஜெஃப் செஷன்ஸ், எல் சால்வடோர் பெண் ஒருவரின் வழக்கைத் தன் கைக்கு எடுத்து, அந்தத் தீர்ப்பை ரத்து செய்தார். 2021 ஜூனில் அப்போதைய அட்டர்னி ஜெனரல் மெரிக் கார்லண்ட் செஷன்ஸின் தீர்ப்பை நீக்கினார். 2025 ஜூலையில், பாலினமும் தேசியமும் மட்டுமே கொண்டு வரையறுக்கப்படும் குழு செல்லாது என்று வாரியம் சொன்னது. செப்டம்பரில் அப்போதைய அட்டர்னி ஜெனரல் பாம் பாண்டி, செஷன்ஸின் நிலைப்பாட்டை மீண்டும் உயிர்ப்பித்தார். தஞ்சம் கேட்டு விண்ணப்பித்த நாளில் இருந்த சட்டம் விசாரணை நாளில் இருக்காது என்பதை ஒரு பெண்ணுக்கு எப்படி விளக்குவது? எங்களுக்கு மிஞ்சுவது மேல்நிலைக் கூட்டாட்சி நீதிமன்றங்கள். ஒரு குழு பெரிதாக இருக்கிறது என்பதற்காக மட்டும் குவாத்தமாலாப் பெண்கள் அனைவரையும் குழுவல்ல என்று தள்ளிவிட முடியாது என 2010இல் கலிபோர்னியாவை உள்ளடக்கிய ஒன்பதாவது வட்டாரக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னதை இப்போதும் எங்கள் வாதவுரைகளில் மேற்கோள் காட்டுகிறோம். இந்தச் சுழற்சியின் ஒவ்வொரு திருப்பத்திலும் அடுத்து என்ன வாதம் மிச்சமிருக்கிறது என்று எழுதித் தருபவர்கள் வேண்டும். மையம் அதைச் செய்கிறது. தேவைப்படும்போது தானே வழக்கும் தொடுக்கிறது. செஷன்ஸின் தீர்ப்பை எல்லையிலேயே பெண்களைத் திருப்பி அனுப்பப் பயன்படுத்திய விதிகளுள் பலவற்றை 2018 டிசம்பரில் நீதிபதி எம்மெட் சல்லிவன் தடுத்தது, மையமும் அமெரிக்கக் குடிமை உரிமைகள் சங்கமும் (ACLU) சேர்ந்து நடத்திய வழக்கில்தான்.

குறைகளையும் சொல்ல வேண்டும். இது வழக்கை நடத்துபவர்களுக்கான சேவை. வழக்கறிஞர் இல்லாத பெண்ணுக்குத்தான் உதவி மிகுதியாகத் தேவை. அவளோ ஆங்கிலத்தில் சட்ட நடையில் எழுதப்பட்ட இந்தக் குறிப்புகளை நேரடியாகப் பயன்படுத்த முடியாது. கிணறு இருக்கிறது, கயிறும் வாளியும் வேறொருவரிடம் இருக்கின்றன. இதை மையத்தின் தவறென்று சொல்ல மாட்டேன். அந்தக் கயிறைத் தர வேண்டியது அரசு. ஆனால் அரசு வேறு திசையில் போகிறது. நுழைந்த ஓராண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்ற விதி 1996ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து இருக்கிறது. நடந்ததை வாய்விட்டுச் சொல்லவே சில பெண்களுக்கு ஓராண்டுக்கு மேல் ஆகும் என்பதற்கு விதிவிலக்குகள் உண்டென்றாலும் அவற்றைப் போராடித்தான் பெற வேண்டும். அதுவரை இலவசமாக இருந்த தஞ்ச விண்ணப்பத்துக்கு 2025 ஜூலையில் வந்த சட்டம் 100 டாலர் கட்டணம் விதித்ததோடு, வழக்கு நிலுவையில் இருக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் இன்னொரு 100 டாலர் கேட்டது.

தமிழ் வாசகர்களில் அமெரிக்காவில் சட்டம் பயின்றவர்களும், தன்னார்வமாக மொழிபெயர்ப்பு செய்பவர்களும், குடும்ப வன்முறை உதவி அமைப்புகளில் இருப்பவர்களும் உண்டு. யாராவது ஒரு தஞ்ச வழக்கை எடுக்க நேர்ந்தால் விசாரணைத் தேதி நெருங்கும்வரை காத்திராமல், விண்ணப்பப் படிவத்தை நிரப்பும் முன்பே இந்தச் சேவையை நாடுங்கள். படிவத்தில் ஒருமுறை எழுதியதைப் பின்னர் மாற்றினால், முன்னுக்குப் பின் முரண் என்று சொல்லி அவளுடைய நம்பகத்தன்மையையே கேள்விக்குள்ளாக்குவார்கள். எங்கள் கட்சிக்காரரின் முதல் படிவத்தில் இருந்த அந்தக் குடிகார வரியை விளக்குவதற்கே தனியாக ஒரு வாக்குமூலம் எழுத வேண்டியிருந்தது.

அவருடைய விசாரணை 2027க்குத் தள்ளிப்போயிருக்கிறது. வழக்கின் முடிவை மையத்துக்குத் தெரிவிக்க வேண்டிய குறிப்பை அவருடைய கோப்பின் முன்பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். நாடு, கொடுமையின் வகை, முன்வைத்த சமூகக் குழு எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். நீதிபதியின் பெயருக்கும் முடிவுக்கும் உரிய இரண்டு இடங்கள் மட்டும் காலியாக இருக்கின்றன.