ஏழு மணிக் கூட்டம்: ஏஏ குழுவில் என் அனுபவம்

2019 ஜனவரியில் முதன்முதலாக ஏஏ, அதாவது குடியை விட நினைப்பவர்கள் ஒன்றுகூடிப் பேசும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் கூட்டம் தேடிப் போனபோது ஹால் பூட்டிக் கிடந்தது. எங்கோ கிடைத்த பழைய பட்டியலை நம்பி, திருச்சி கருமண்டபத்திலிருந்து பாலக்கரை வரை பஸ்ஸில் போயிருந்தேன். "அந்தக் குடிகாரங்க மீட்டிங்கா சார்? இடம் மாத்தி ரெண்டு வருஷம் ஆச்சே" என்று வாட்ச்மேன் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார். திரும்பும் வழியில் டாஸ்மாக். அப்புறம் என்ன நடந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அதனால் முதலில் சொல்வது இதைத்தான்: போன் பண்ணாமல் போகாதீர்கள். ஏஏ இந்தியாவின் இணையதளத்தில் ஊர்வாரியாக விவரம் இருக்கிறது. என் போனை எடுத்தவரும் குடித்து நிறுத்தியவர்தான். தயங்கித் தயங்கிப் பேசினேன். அவருக்கு அது பழகின குரல் போலிருக்கிறது, அவசரப்படுத்தவில்லை. எந்த நாள், எத்தனை மணி, தமிழிலா, திறந்த கூட்டமா மூடிய கூட்டமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். திறந்த கூட்டத்துக்கு மனைவி, அண்ணன், யாரையும் கூட்டிப் போகலாம். மூடியது குடியை விட நினைப்பவர்களுக்கு மட்டும்.

இன்னொன்று. தினமும் குடிப்பவர், காலையில் கை நடுங்குகிறவர், கூட்டத்தை மட்டும் நம்பிச் சட்டென்று நிறுத்தக்கூடாது. வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டரிடம் போய்விட்டு வாருங்கள். நான் ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் படுத்து, வைட்டமின் பி1 ஊசியெல்லாம் போட்டுக்கொண்ட பிறகுதான் கூட்டத்துக்கே போனேன். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14446 என்ற அரசு உதவி எண் இருக்கிறது.

நான் போய்ச் சேர்ந்த குழு ஒரு பள்ளி வகுப்பறையில் கூடியது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சு. முட்டி மேசையில் இடித்தது. சுவரில் ஏழாம் வாய்ப்பாடு. ஒருவர் பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்கினார். அதுவரை குடிகாரன் என்ற சொல்லைத்தான் கேட்டிருந்தேன். ஒருவர் பேசும்போது யாரும் குறுக்கே பேசவில்லை, புத்திமதியும் சொல்லவில்லை. 1935-ல் அமெரிக்காவின் ஆக்ரனில் ஒரு பங்குத் தரகரும் ஒரு டாக்டரும் உட்கார்ந்து பேசியதில் ஆரம்பித்த விஷயம்; இன்றும் பேச்சுதான். அங்கே கேட்டதை வெளியே சொல்லக்கூடாது. ஆனால் என் கதையைச் சொல்லலாம்: ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் மழைக்கோட்டைச் சுற்றி குவார்ட்டரை ஒளித்து வைப்பேன். அதை நான் சொன்னதும் பாதி அறை சிரித்தது. ஏன் சிரித்தார்கள் என்று நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள்.

கட்டணம் கிடையாது. கடைசியில் ஒரு பை சுற்றி வரும். பத்து ரூபாய் போட்டேன். போடாமலும் விடலாம். வெளியார் நன்கொடை வாங்குவதில்லை.

குறைகளும் உண்டு. எங்கள் வீடு கறுப்புச் சட்டை வீடு. குடியிலிருந்து மீள ஏஏ சொல்லும் பன்னிரண்டு படிகளில் கடவுள் வந்ததும் எழுந்து போய்விடலாமா என்று தோன்றியது. பக்கத்தில் இருந்த பெரியவர், "இந்த பெஞ்சுல உக்காந்திருக்கிற இத்தனை பேரும் உன்னைவிடப் பெரிய சக்திதானே தம்பி, அதை வெச்சுக்கோ" என்றார். வைத்துக்கொண்டேன். வேறொருவர் மனநல டாக்டர் கொடுத்த மாத்திரையையும் நிறுத்தச் சொன்னார். அது தப்பு. உறுப்பினர்கள் டாக்டர் வேலை பார்க்கக்கூடாது என்பதுதான் ஏஏவின் நிலையும். நான் போன கூட்டங்களில் பெண்களைப் பார்ப்பது அபூர்வம். அத்தனை ஆண்கள் நடுவே ஒரு பெண் தனியாக வந்து உட்காருவது எளிதில்லை. என் மனைவி குடும்பத்தாருக்கான அல்-அனானுக்குப் போனாள். அங்கே என்ன பேசினாள் என்று இன்றுவரை சொன்னதில்லை.

எந்தக் கூட்டத்தைத் தேர்ந்தெடுப்பது? பக்கத்தில் இருப்பதையா? நான் நேரத்தைப் பார்ப்பேன். டாஸ்மாக் கடை பகல் 12 முதல் இரவு 10 வரை. நான் குடிக்கப் போகும் நேரம் ஏழு மணி; ஆபீஸ் முடிந்து, வீட்டுக்குப் போகும் முன். அந்த ஏழு மணிக்கு ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் போதும். எட்டரைக்கு வெளியே வந்து டீ குடிக்கும்போது பாதிக்கு மேல் ஆசை வடிந்திருக்கும். ஞாயிறு காலைக் கூட்டமும் நல்ல கூட்டம்தான், ஆனால் அது எனக்கு உதவவில்லை.

ஊரடங்கில் வகுப்பறை மூடியது. கூட்டம் ஜூமுக்குப் போனது. கேமராவை அணைத்துவிட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருப்பேன். 2020 மே 7 அன்று கடை திறந்தது. வரிசையில் நின்றேன். பதினாறு மாதம் போச்சு. மறுநாள் குழுவிலிருந்து போன். திட்டு வரும் என்று நினைத்தேன். "சாப்பிட்டியா?" என்று கேட்டார். மே 8-லிருந்து மறுபடி எண்ணுகிறேன். பொங்கல் வாரம்தான் இன்றும் கஷ்டம். திருவள்ளுவர் தினத்துக்குக் கடை லீவு என்று முதல் நாளே வாங்கி வைத்த பழக்கம், கை தானாக ஸ்கூட்டர் சீட்டைத் திறக்கும்.

புதன்கிழமைகளில் இப்போது வகுப்பறைச் சாவி என்னிடம். ஆறே முக்காலுக்குத் திறந்து, ஃபேனைப் போட்டு, கேட் பக்கம் பார்த்தபடி நிற்பேன். உள்ளே வரலாமா என்று யோசிப்பவர்கள் எதிர்க் கடையில் வாழைப்பழத்தை விலை கேட்டுக்கொண்டு நிற்பார்கள். வாங்க மாட்டார்கள்.